ஜூன் மாதப் பெட்டியில் வரும் கொடி: பன்னாட்டு நிறுவனங்களின் பன்மைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னையில் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மனிதவளத் துறையினரும் பன்மைத்துவக் குழுவினரும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் உங்கள் தலைமை அலுவலகங்களிலிருந்து பால்புதுமையினரின் (தன்பாலீர்ப்பினர், திருநர் முதலானோரின்) பெருமித மாதமான ஜூனுக்கான பெட்டிகள் வந்து இறங்குகின்றன. வானவில் கொடிகள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் வானவில் நாடாக்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகள், மடிக்கணினியில் ஒட்டும் ஸ்டிக்கர்கள் என்று அவற்றில் இருப்பவை பெரும்பாலும் டப்ளினுக்கும் டொரான்டோவுக்கும் போன அதே பொருள்கள். ஜூன் முழுவதும் அவை பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் தொங்குகின்றன. ஜூலை முதல் வாரத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுகின்றன. இவற்றை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக நான் எழுதவில்லை. சென்னையின் வானவில் சுயமரியாதைப் பேரணியில் அந்தக் கொடியை நானும் ஏந்தி நடந்திருக்கிறேன். ஒரே பொருளை எல்லா ஊருக்கும் அனுப்பிவைத்தால் ஒரே அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நீங்கள் நம்புவதோடும், அர்த்தம் மாறிப் போய்ச் சேரும் இடத்தில் அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்று நீங்கள் கேட்காமல் இருப்பதோடும்தான் என் வழக்கு.

இந்தக் கொடிக்கு அதன் சொந்த ஊரிலேயே நிலையான உருவம் இருந்ததில்லை. 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஓவியர் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் ஏற்றிய முதல் கொடிகளில் எட்டுப் பட்டைகள் இருந்தன. பெரிய தொட்டிகளில் சாயம் கரைத்து, தன்னார்வலர்கள் துணியைக் கையால் முக்கியெடுத்துத் தைத்த கொடிகள் அவை. சிவப்பு வாழ்வுக்கு, செம்மஞ்சள் நலமடைதலுக்கு, மஞ்சள் சூரியனுக்கு, பச்சை இயற்கைக்கு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் பேக்கர் ஒரு பொருள் வைத்திருந்தார். அந்த ஆண்டு நவம்பரில், தன்பாலீர்ப்பை மறைக்காமல் அந்நகரத் தேர்தலில் வென்ற அரசியல்வாதி ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கொடியைக் கேட்டு வருவோர் பெருகினார்கள். அடர் இளஞ்சிவப்புத் துணி மொத்தமாகக் கிடைக்காததால் அந்தப் பட்டை போயிற்று. அடுத்த ஆண்டில், தெருவிளக்குக் கம்பத்தின் இருபுறமும் சரிபாதியாகப் பிரித்துத் தொங்கவிட வசதியாக இன்னொரு பட்டையையும் எடுத்தார்கள். இன்று உலகமே மரபாகக் கருதும் ஆறு என்ற எண், பாதி துணிக்கடை இருப்பும் பாதி விளக்குக் கம்பமும் முடிவு செய்தது.

2017இல் பிலடெல்பியா நகரில் கறுப்பு, பழுப்புப் பட்டைகளைச் சேர்த்தார்கள். 2018இல் வடிவமைப்பாளர் டேனியல் குவாசார் அந்த இரண்டு நிறங்களையும் திருநர் கொடியின் வெளிர்நீலம், வெளிர்சிவப்பு, வெள்ளையையும் அம்பு வடிவில் கொடியின் ஓரத்தில் வைத்தார். உங்கள் பெட்டிகளில் இப்போது வருவது பெரும்பாலும் இந்த வடிவம்தான். பால்புதுமையினருக்கான மதுக்கூடங்களிலேயே கறுப்பினத்தவரை ஒதுக்குகிறார்கள் என்று பிலடெல்பியாவில் எழுந்த கோபத்துக்குப் பிறகுதான் அந்தப் பட்டைகள் வந்தன; அந்த ஊரின் காயத்துக்கு அந்த ஊர் தேடிய மருந்து அது. அதை அப்படியே சோழிங்கநல்லூரில் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு அது கூடுதலாக இரண்டு நிறம், அவ்வளவே. இங்கே அதற்கு நேரான கேள்வி சாதி. 2015 தில்லிப் பேரணியில் தலித் பால்புதுமையினர் சாதியைக் குறிப்பிடும் பதாகைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து, இயக்கத்துக்கு உள்ளேயே அந்தக் கேள்வியை வைத்தார்கள். உங்கள் ஜூன் மாதக் கூட்டங்கள் பலவற்றில் நான் பேசியிருக்கிறேன். மேடையில் இருந்தவர்களின் ஆங்கிலத்தையும் குடும்பப் பின்னணியையும் பார்த்தால், அந்தக் கேள்வி உங்கள் பெட்டியோடு வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

வானவில்லைத் தம்முடையதாகக் கொண்டவர்கள் உலகில் ஏராளம். பெரு நாட்டின் கஸ்கோ நகரம் அதே 1978இல்தான் ஏழு வண்ணப் பட்டைக் கொடியை நகரக் கொடியாக ஏற்றது. அங்கே அது இன்கா மரபின் பெருமிதம். சுற்றுலாப் பயணிகள் அதைப் பெருமித மாதக் கொடி என்று எண்ணிக்கொண்டே இருந்ததால், 2021இல் நகராட்சி அதன் நடுவில் ஒரு பொற்சூரியனைச் சேர்த்தது. இத்தாலியில் 1961இல் பெரூஜியாவிலிருந்து அசீசி வரை நடந்த அமைதிப் பேரணியில் தோன்றிய வானவில் கொடி போர் எதிர்ப்பின் சின்னமாக நின்றுவிட்டது. ஈராக் போரின்போது இத்தாலிய வீடுகளின் பால்கனிகளில் தொங்கியது அதுதான். 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பையின்போது லுசைல் மைதானத்துக்கு வெளியே ஒரு பிரேசில் பத்திரிகையாளர் தம் மாநிலமான பெர்னாம்புகோவின் கொடியைப் பிடித்திருந்தார். அதில் ஒரு வானவில் வளைவு உண்டு. 1817இல் நடந்த ஒரு புரட்சியிலிருந்து வந்த கொடி அது. அங்கிருந்தவர்கள் அதைப் பிடுங்கி மிதித்தார்கள். படம் பிடித்த அவரது கைப்பேசியையும் வாங்கி, காணொளியை அழிக்கவைத்தார்கள். எந்தப் பால்புதுமையினரையும் அறிவிக்காத ஒரு கொடி, பார்த்தவர் கண்ணால் குற்றக்கொடி ஆயிற்று.

நம் ஊரிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓர் அலுவலக வரவேற்பறையில் நான் காத்திருந்தபோது, உத்தரத்திலிருந்து தொங்கிய பட்டைத் துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பாதுகாவலர், அறுபதை நெருங்கியவர், "சார், இது கூட்டுறவுக் கொடிதானே? எங்க ஊர் பால் சொசைட்டியில வருஷா வருஷம் ஏத்துவாங்க. இங்க எதுக்குக் கட்டியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. உலகக் கூட்டுறவு இயக்கம் 1920களிலேயே ஏழு வண்ண வானவில்லைத் தன் கொடியாக எடுத்துக்கொண்டது. பன்னாட்டுக் கூட்டுறவு அமைப்பு, குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு 2001இல் அதைக் கைவிட்டது. ஆனால் நம் நாட்டில் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடும் கூட்டுறவு வார விழாவில் இன்றும் அந்த ஏழு வண்ணக் கொடியைத்தான் ஏற்றுகிறார்கள். அவரிடம் நான் விளக்கிச் சொன்னேன். "ஓ, திருநங்கைங்களுக்கா" என்றார், சற்றும் முகம் சுளிக்காமல். அந்த ஒரு மாதம் முழுக்க அதன் அடியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்றவர் அவர். அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர் நிறுவனத்தின் பணியாளர் இல்லை, ஒப்பந்த ஆள்; ஆகவே உங்கள் பயிற்சி வகுப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அந்தக் கட்டடத்துக்குள் பெண் பெயரோடு வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பி வேலை தேடி வந்தால், அவரது அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து முதலில் நிறுத்துபவர் இந்தப் பாதுகாவலர்தான் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இளஞ்சிவப்பு முக்கோணத்தின் கதை இன்னும் கசப்பானது. நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் சட்டையில் தலைகீழ் முக்கோணமாகத் தைக்கப்பட்ட அடையாளம் அது. போர் முடிந்தும் அவர்களில் பலருக்கு விடுதலை முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்களைத் தண்டித்த 175ஆம் பிரிவை, நாஜிகள் 1935இல் கடுமையாக்கிய வடிவிலேயே மேற்கு ஜெர்மனி 1969 வரை வைத்திருந்தது. 1970களில் இயக்கத்தவர் அந்த முக்கோணத்தைத் தாமே எடுத்து அணிந்தார்கள். 1987இல் நியூயார்க்கில், எய்ட்ஸ் மரணங்களைக் கண்டும் அரசு மௌனம் காத்த காலத்தில், முனை மேலே பார்க்கும்படி அதைத் திருப்பிக் கறுப்புச் சுவரொட்டியில் அச்சிட்டார்கள். இப்படிப்பட்ட சின்னத்தை ஓர் ஆண்டு ஒரு நிறுவனம் தலைகீழ் வடிவிலேயே சுவரொட்டியாக்கி கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்தது. நாற்பதைத் தாண்டிய தமிழர் எவரும் தலைகீழ் முக்கோணத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதை அச்சிட்டவர் யோசிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களிலும் ஆணுறைப் பொட்டலத்திலும் பல பத்தாண்டுகள் நாம் பார்த்துப் பழகிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் அது. நிறம் மட்டும் சிவப்பு. கேன்டீனில் சிரிப்புச் சத்தம் கேட்டதில் வியப்பென்ன? முகாம்களில் மாண்டவர்களின் அடையாளம் ஒரு நகைச்சுவையாகக் கழிந்தது. சிரித்தவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அருகில் நான்கு வரி தமிழில் எழுதி ஒட்டியிருந்தால் அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

சின்னத்தின் அர்த்தத்தை ஓர் அரசே முடிவு செய்துவிடும் இடங்களும் உண்டு. மலேசியாவில் 2023 மே மாதம் வானவில் நிறக் கைக்கடிகாரங்களைக் கடைகளில் புகுந்து பறிமுதல் செய்தார்கள். ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை ஆணை வந்தது; வைத்திருப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது அரசு. 2024 நவம்பரில்தான் உயர் நீதிமன்றம் பறிமுதல் செய்தவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ரஷ்யாவின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பர் 30 அன்று 'பன்னாட்டு எல்.ஜி.பி.டி. இயக்கம்' என்று ஒன்றைத் தீவிரவாதப் பட்டியலில் வைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் நிஷ்னி நோவ்கொரோட் நகரில் வானவில் நிறக் காதணி அணிந்த ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் காவல் விதித்தார்கள்.

இவற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் சமூக ஊடகப் பக்கங்களே அதற்குச் சான்று. ஜூன் முதல் நாள் அமெரிக்கப் பக்கத்திலும் இந்தியப் பக்கத்திலும் இலச்சினை வானவில் நிறம் பூணுகிறது. அதே நாளில் பல நிறுவனங்களின் வளைகுடா நாட்டுப் பக்கங்களில் அது பழைய நிறத்திலேயே இருக்கிறது. இதைக் கபடம் என்று கேலி செய்பவர்கள் பலர். நான் அவர்களோடு சேரமாட்டேன். ரியாத்தில் இருக்கும் ஊழியர்மீது அபாயத்தை ஏற்றக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஒரு சின்னம் ஊருக்கு ஊர் பொருள் மாறும், அதைச் சுமப்பவருக்கு ஆபத்தும் மாறும் என்பதை நீங்கள் அறிந்தே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அப்படியானால் அந்த அறிவைச் சென்னையில் ஏன் பயன்படுத்துவதில்லை? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்திப் பொருள்கொண்டதோடு இங்கே ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டீர்களா?

இங்கே ஆபத்து பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்து வருகிறது. வாலாஜாபாத்திலிருந்தோ திருத்தணியிலிருந்தோ கம்பெனி பேருந்தில் வந்துபோகும் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி, ஜூன் மாதம் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று வானவில் நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். குழுப் படம் எடுக்கிறார்கள். மனிதவளத் துறை அதை லிங்க்டுஇன்னில் போடுகிறது. பெயரையும் சேர்த்தே குறிக்கிறது. பெரியப்பா மகன் அதைப் பார்க்கிறான், அவன் ஐ.டி.யில்தான் இருக்கிறான், அவனுக்கு நிறங்களின் பொருள் தெரியும். இரவுக்குள் அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறது. மறுவாரம் அவளுக்கு ஜாதகம் பார்க்கத் தொடங்குகிறார்கள். வேலையை விடச் சொல்கிறார்கள். இது ஒருத்தியின் கதை அன்று. என்னிடம் பேசியவர்கள் பலரின் கதைகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி எழுதியிருக்கிறேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஆட்கொணர்வு வழக்கு ஒன்றில், தன் இணையரோடு வாழ விரும்பிய இளம்பெண்ணை வீட்டார் தடுத்து வைத்திருந்தார்கள். காவல்துறையும் அவளைப் பெற்றோரிடம்தான் ஒப்படைத்திருந்தது. திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அன்று, தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று சொல்லி நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். நீதிமன்றம் வரை வந்து சேர முடிந்தவள் அவள்.

அந்த நாடாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் தளத்தில் முப்பத்தெட்டுப் பேர் மாட்டியிருக்கும்போது மாட்டாமல் இருப்பதும் ஓர் அறிவிப்பாகிவிடுகிறது. இந்த ஆதரவு நாடாவை மாட்டிக்கொள்ளும் ஆண் மேலாளருக்கு அதனால் போவது ஒன்றுமில்லை, டவுன்ஹால் கூட்டத்தில் கைதட்டல்தான். அதே நாடா யாருடைய உண்மையைச் சொல்கிறதோ அவருக்கு அதே கழுத்தில் அது வேறு கனத்தோடு தொங்குகிறது. பொருளைக் கொடுப்பவரிடம் அதன் அர்த்தம் நின்றுவிடுவதில்லை, சுமப்பவரின் வீட்டு வாசல் வரை அது போகிறது.

இனி, இதற்கு நேர் எதிரான தவறு. தலைமை அலுவலகச் சின்னம் ஒட்டவில்லை என்று தெரிந்துகொண்ட சில குழுக்கள் 'உள்ளூர் வேர்'களைத் தேடிப் போய் கூவாகத்தைக் கொண்டு வருகின்றன. ஓர் ஆண்டு விழாவில் மேடை அலங்காரமாக மஞ்சள் கயிறுகளும் உடைந்த வளையல் வடிவங்களும் தொங்கின, கீழே பஃபே. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலில் நடப்பது என்ன என்று தெரிந்தவர் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார். களப்பலியாகப் போகும் அரவானுக்கு மனைவியாகத் திருநங்கையர் இரவில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் அழிகளம் சென்றதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, குளித்து, வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு வாய்விட்டு அழுகிறார்கள். அங்கே கேட்கும் ஒப்பாரியில் தெய்வத்துக்கான அழுகை எது, அந்த ஆண்டு இறந்துபோன தோழிக்கான அழுகை எது, பெற்ற தாய் கதவைச் சாத்திய நாளுக்கான அழுகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே தாலியை அக்கம்பக்கத்து ஊர்களின் ஆண்களும் சிறுவர்களும் வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது கூத்தாண்டவர் நேர்த்திக்கடன், பால் அடையாளத்தோடு தொடர்பே இல்லை. விழுப்புரம் லாட்ஜுகளில் கேமராவோடு வந்து தங்குபவர்களுக்கு அது அழகிப் போட்டி. ஒரு மஞ்சள் கயிறு ஒரே ஊரில், ஒரே இரவில் இத்தனை பொருள் தருகிறது. அதைப் பெருமிதத்தின் சின்னம் என்று ஒரே சொல்லில் அடைத்து உங்கள் விழாவுக்கு எடுத்துவருவது, பெட்டியில் வந்த கொடியைவிடப் பெரிய அசட்டுத்தனம்.

திருநங்கையரின் கைத்தட்டலும் அப்படித்தான். விரல்களை விரித்து உள்ளங்கைகள் குறுக்காக மோதும் அந்த ஓசையில் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள், மூத்தவரை வாழ்த்துகிறார்கள், ஆபத்தில் துணைக்கு அழைக்கிறார்கள். மின்சார ரயிலில் அமர்ந்திருக்கும் பயணிக்கோ அது 'காசு எடு' என்பதாகக் கேட்கிறது. நம் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் அதை இகழ்ச்சியாக்கிப் பல பத்தாண்டுகள் பிழைத்தன. பணியமர்த்தப்பட்ட திருநங்கை ஒருவரை 'கலகலப்பாக இருக்கட்டும்' என்று மேடையில் கைதட்டிக் காட்டச் சொன்ன நிகழ்ச்சிக்கு நான் சாட்சி. அவர் மென்மையாக மறுத்தார். அவர் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அன்றும் ஒரு ரிலீஸ் இருந்தது.

கொழும்பில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு சொல். அங்கே கிடைமட்டமும் செங்குத்துமாகப் பல நிறப் பட்டைகள் கொண்ட கொடி என்றாலே 1885இல் உருவான பௌத்தக் கொடிதான் நினைவுக்கு வரும். புத்தர் திருநாளான வெசாக்கில் தெருவெல்லாம் அது பக்தியாகப் பறக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் புதிதாக எழும் விகாரைகளின்மேல் அது பறக்கும்போது, தம் நிலத்தின்மீது நாட்டப்பட்ட உரிமைக் குறியாகவே தமிழர் பலர் அதைப் பார்க்கிறார்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகளும் அங்கே இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. அங்கே பட்டைத் துணி கட்டும் முன் அங்குள்ளவர்களைக் கேளுங்கள்.

2025இல் இன்னொன்றையும் பார்த்தோம். அமெரிக்காவில் அரசியல் காற்று மாறியதும் பல பெருநிறுவனங்கள் அங்குள்ள பெருமிதப் பேரணிகளுக்குக் கொடுத்துவந்த நன்கொடையை வெட்டின; பன்மைத்துவத் துறைகளுக்குப் பெயர் மாற்றின, சிலவற்றைக் கலைத்தன. வாஷிங்டனில் எழுந்த காற்றுக்குச் சென்னையில் கொடி இறங்குகிறது என்றால், அந்தக் கொடி இங்குள்ள ஊழியருக்காக ஏற்றப்பட்டதில்லை என்றுதான் பொருள்படும். பெட்டி வராத ஆண்டிலும் தொடர்ந்து நடக்கக்கூடியவற்றையே நான் உங்களிடம் கேட்கிறேன்.

கொடியைக் கட்டுவதா, எந்தச் சின்னத்தை எங்கே வைப்பது என்பதை இங்குள்ள பால்புதுமை ஊழியர்கள் தம் பெயரை வெளியிடாமலே சொல்ல ஒரு வழி செய்யுங்கள்; 'வேண்டாம்' என்று வந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வைக்கும் சின்னம் எதுவானாலும் அதன் வரலாற்றைத் தமிழில் எழுதி அருகில் ஒட்டுங்கள். பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர், கேப் ஓட்டுநர், கேன்டீன் ஊழியர் ஆகியோரையும் பயிற்சிக்கு அழையுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்ற சாக்கு வேண்டாம். பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொண்டவரின் சம்பளச் சீட்டு, மின்னஞ்சல், நுழைவு அட்டை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எல்லாம் ஒரே விண்ணப்பத்தில் மாற வழி செய்யுங்கள். இப்போது அவர் ஒவ்வொரு மேசையிலும் தம் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் இணையரைச் சேர்க்கும் வசதி உங்களில் சிலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் குழு மேலாளரின் ஒப்புதலுக்குப் போவதால் அதை நிரப்பத் துணிபவர் மிகக் குறைவு. அந்த ஒரு கட்டத்தை நீக்குங்கள்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்பது எனக்குத் தெரியும். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த ஆண்டுகளின் ஜூன் மாதப் படங்கள் உங்கள் பக்கங்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும், மேலாளருக்கு நகல் போகாத தனி மின்னஞ்சல் ஒன்று அனுப்பி, படம் இருக்கலாமா என்று கேளுங்கள். பதில் வராத படங்களைப் பதினைந்து நாளில் எடுத்துவிடுங்கள். பெயர்க் குறிப்புகளை இன்றே நீக்கிவிடலாம்; அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஜூன் மாதக் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டுப் பேசிவரும் ஒருவர்
சென்னை